வாசகர் கேள்வி – பதில்: நீக்கப்பட்ட பின்னூட்டத்தில் என்ன இருந்தது?

மீன் வளர்ப்பு, மாடித் தோட்டம், பறவைகளைப் படமெடுத்தல், ஓவியம் என்று ஒரே விருப்பம் கொண்டவர்கள் வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் கூடும் குழுக்களில், குறை சொன்னால் பின்னூட்டம் காணாமல் போகிறது என்று ஒரு வாசகர் வருந்தி எழுதியதற்குச் சென்ற இதழில் நான்கு வரியில் பதில் சொல்லியிருந்தேன். அதைத் தொடர்ந்து, நீக்கப்பட்டவர்களிடமிருந்தும் நீக்கியவர்களிடமிருந்தும் எதிர்பாராத அளவுக்குக் கடிதங்கள் வந்தன. அவற்றில் ஆறைத் தேர்ந்தெடுத்து, இந்த இதழின் பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்குகிறேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் இன்னும் அதே குழுக்களில் இருப்பதால் ஊரை மட்டும் குறிப்பிட்டு, அவர்கள் பெயரையும் குழுக்களின் பெயரையும் விட்டுவிட்டேன்.

ஒரு மீன் வளர்ப்புக் குழுவில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர், உருண்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு தங்கமீன்களை விட்டுப் படம் போட்டு, ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டிருந்தார். எல்லோரும் ‘அருமை’, ‘சூப்பர்’ என்று எழுதியிருந்தார்கள். ‘இந்தக் கிண்ணத்தில் இவை ஒரு மாதம்கூடத் தாங்காது, ஃபில்டர் உள்ள பெரிய தொட்டி வேண்டும்’ என்று நான் எழுதினேன். அரை மணி நேரத்தில் அது நீக்கப்பட்டது. ‘புதியவர்களை ஊக்கப்படுத்துங்கள், நெகட்டிவ் கமெண்ட் வேண்டாம்’ என்று அட்மின் எனக்குத் தனியாக எழுதினார். காரணம் கேட்டதும் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார். நான் செய்தது தவறா?
— வாசகர், திருச்சி

தவறில்லை. சொல்லப்பட்டே ஆக வேண்டிய ஒரு செய்தியைத்தான் நீங்கள் சொன்னீர்கள். இது ரசனை பற்றிய வேறுபாடாக இருந்திருந்தால் என் பதில் வேறு விதமாக அமைந்திருக்கும். ஆகவே, அந்தக் கிண்ணத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை, உங்களை நீக்கிய நிர்வாகியும் படிக்கக்கூடும் என்ற எண்ணத்தில், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மீனின் கழிவில் பெரும்பங்கு அமோனியாவாகச் செவுள் வழியே நீரில் கலக்கிறது. நன்கு நிலைப்பட்ட தொட்டியில், ஒரு வகை நுண்ணுயிர்கள் இந்த அமோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவதன் தீங்கு மிகக் குறைவு, வாரம் ஒருமுறை ஒரு பகுதி நீரை மாற்றினால் அது கட்டுக்குள் இருக்கும். ஆனால் இந்த நுண்ணுயிர்கள் ஃபில்டரின் பஞ்சிலும் கூழாங்கற்களிலும் குடியேறிப் பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நேற்று வாங்கிய கிண்ணத்தில் அவை இல்லை. ஃபில்டர் இல்லாததால் அவை தங்குவதற்குப் போதுமான இடமும் இல்லை. கிண்ணத்தின் வாய் குறுகலாக இருப்பதால், விளிம்பு வரை நீர் நிரப்பும்போது காற்றைத் தொடும் பரப்பும் சுருங்கிவிடுகிறது.

சில நாளில் நீர் கலங்குகிறது. வீட்டில் உள்ளவர்கள் நல்லெண்ணத்தோடு மீனை ஒரு சொம்பில் எடுத்து வைத்துவிட்டு, கிண்ணத்தையும் கற்களையும் தேய்த்துக் கழுவி, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறார்கள். அதுவரை கொஞ்சநஞ்சம் பெருகியிருந்த நுண்ணுயிர்களும் கழுவிய நீரோடு போய்விடுகின்றன. காரத்தன்மை கூடக்கூட, வெப்பம் ஏறஏற அமோனியாவின் நச்சும் கடுமையாகும் என்பதால், காரத்தன்மை மிகுந்த போர் தண்ணீர் வரும் வீட்டில், சித்திரை வெயிலில், அதே கிண்ணம் இன்னும் விரைவாகக் கொல்லும். மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. பிள்ளைகள் அதைப் பார்த்து, பசிக்கிறது போலும் என்று இன்னும் ஒரு சிட்டிகை தீனி போடுகிறார்கள். தின்னாமல் அடியில் தங்கும் அந்தத் தீனியும் அழுகி அமோனியாவாகிறது. சரியான இடம் கிடைத்தால் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 20 சென்டிமீட்டரையும் தாண்டி வளரக்கூடிய உயிர் அது.

இதையெல்லாம் அறிந்த ஒருவர் இரண்டு வரி எழுதியதை ‘நெகட்டிவ்’ என்ற ஒரே சொல்லால் அடித்துப்போடுவதுதான் எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. அந்தச் சொல் வசைக்கும் எச்சரிக்கைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. அதன் விளைவு அந்த ஒரு வீட்டோடு நிற்பதுமில்லை. மீன் செத்துப்போனவர் மறுபடி குழுவில் படம் போட வருவதில்லை. கடைக்குப் போய் அதே போன்ற இன்னும் இரண்டு மீன்களை வாங்கி வருகிறார், அல்லது ‘நமக்கு மீன் வளர்க்கக் கைராசி இல்லை’ என்று கிண்ணத்தைப் பரணில் போட்டுவிடுகிறார். குழுவில் எஞ்சுவது, வாங்கிய முதல் நாளன்று எடுக்கப்பட்ட பளபளப்பான படங்கள் மட்டுமே. அவற்றைப் பார்த்துப் பார்த்து, கிண்ணத்தில் தங்கமீன் வளர்க்கலாம் என்பதே அந்தக் குழுவின் பொது அறிவாகிவிடுகிறது. கைராசி என்று நாம் சொல்வதில் பாதி, யாரும் நமக்குச் சொல்லாமல் விட்ட செய்திகள்தான் என்பது நீண்ட காலமாக என் எண்ணம்.

உங்களிடம் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ‘தாங்காது’ என்ற இடத்தில் உங்கள் பின்னூட்டம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அந்தப் புதியவர் அன்று இரவு என்ன செய்ய வேண்டும்? நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றலாம், குளோரின் நீக்கியை இரண்டு சொட்டு விடலாம், தீனியைப் பாதியாகக் குறைக்கலாம், விலை உயர்ந்த தொட்டிக்குப் பணம் இல்லையென்றால் ஐம்பது லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போதும். இதையும் சேர்த்து எழுதியிருந்தால் அவர் மனம் சுருங்கியிருக்காது. ஆனாலும், நீங்கள் எழுதியது முழுமையற்றது என்பது வேறு, நீக்கத் தக்கது என்பது வேறு.

900 பேர் இருக்கும் மாடித் தோட்டக் குழுவை நான்கு ஆண்டுகளாக நடத்துகிறேன். பள்ளியில் வேலை முடிந்து வந்து, சமையலுக்கு இடையே செல்பேசியைப் பார்த்தால் முப்பது செய்திகளில் சண்டை நடந்திருக்கும். யார் சரி என்று ஆராய எனக்கு நேரமும் இல்லை, வேளாண்மைப் படிப்பும் இல்லை. சண்டை தொடங்கிய இடத்திலிருந்து எல்லாவற்றையும் நீக்கிவிடுவேன். சென்ற இதழில் நீங்கள் எழுதிய பதில் என்னைப் போன்றவர்களைச் சர்வாதிகாரிகளாகக் காட்டுகிறது. கூலியில்லாமல் உழைப்பவர்களுக்கு இதுதான் நன்றியா?
— வாசகி, கோவை

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. அந்த நான்கு வரிப் பதிலில் உங்கள் தரப்பை நான் எழுதவில்லை. ஒரு குழு நான்கு ஆண்டுகள் உயிரோடு இருக்கிறது என்றால், அதற்குப் பின்னால் யாரோ ஒருவரின் மாலைப் பொழுதுகள் கரைந்திருக்கின்றன. வசை, சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துதல், பெண் உறுப்பினர்களுக்குத் தனிச் செய்தி அனுப்பித் தொல்லை கொடுத்தல் ஆகியவற்றை ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் நீக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

நானும் சில ஆண்டுகள் இதே போன்ற ஒரு குழுவின் நிர்வாகியாக இருந்தேன். அதில் ஒருவர், வீட்டில் தயாரித்த பஞ்சகவ்யா என்ற இயற்கை உரக் கரைசலை மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றியதாகவும் இனிக் காய்ப்பு கொட்டும் என்றும் மகிழ்ச்சியோடு எழுதினார். பலரும் கைதட்டினார்கள். ஊரில் விவசாயம் பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவர், ‘இதுகூடத் தெரியாமல் எதற்குச் செடி வளர்க்கிறீர்கள்? 3 சதவீதத்துக்கு மேல் போனால் கருகும். பத்து லிட்டருக்கு 300 மில்லி, அவ்வளவுதான்’ என்று எழுதினார். முதல் வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. குழுவின் நாகரிகத்தைக் காப்பதாக நினைத்துக்கொண்டு முழுப் பின்னூட்டத்தையும் நீக்கினேன். அந்த மாதக் கடைசிக்குள் மூன்று வீடுகளிலிருந்து ஓரம் கருகிச் சுருண்ட மிளகாய் இலைகளின் படங்கள் வந்தன, ‘இது என்ன நோய், என்ன மருந்து அடிக்கலாம்?’ என்ற கேள்வியோடு. அந்தக் குழுவில் அந்த அளவு தெரிந்திருந்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய கடுஞ்சொல்லோடு சேர்த்து அவருடைய 300 மில்லியையும் நான் அழித்திருந்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையாகத்தான் பேசினார், ஆனால் அதன் பிறகு குழுவில் எதுவும் எழுதவில்லை.

அன்று நான் செய்திருக்க வேண்டியது மிக எளிமையானது. ‘ஐயா, முதல் வரியை எடுத்துவிட்டு மற்றதை அப்படியே மீண்டும் போடுங்கள், எல்லோருக்கும் தேவையான தகவல்’ என்று கேட்டிருக்கலாம். அவர் மறுத்திருந்தால், அளவை மட்டும் நானே எடுத்து அவர் சொன்னதாகப் பதிந்திருக்கலாம். யார் சரி என்று தீர்ப்புச் சொல்லும் அறிவு இதற்குத் தேவையில்லை. பேச்சு பொருளைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

இந்தப் பிரிவினை புதியதும் அல்ல. மெக்காலே தலைமையிலான ஆணையம் வரைந்து, 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் அவதூறுப் பிரிவில், பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட ஒரு படைப்பைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் கருத்து அவதூறாகாது என்று ஒரு விதிவிலக்கும், அதற்கு எடுத்துக்காட்டுகளும் இருந்தன. அந்தச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவிலும் அவை தொடர்கின்றன. ‘இவருடைய புத்தகம் முட்டாள்தனமானது, எழுதியவர் அறிவில் குறைந்தவராகத்தான் இருக்க வேண்டும்’ என்று ஒருவர் சொன்னால் அவர் விதிவிலக்குக்குள் வருகிறார், ஏனென்றால் ஆளைப் பற்றி அவர் சொல்வது அந்தப் புத்தகத்தில் தெரிகிற அளவோடு நின்றுவிடுகிறது. ‘இவர் அறிவில் குறைந்தவர், ஒழுக்கம் கெட்டவர், இவர் புத்தகம் இப்படி இருப்பதில் எனக்கு வியப்பில்லை’ என்று சொன்னால் வெளியே போய்விடுகிறார், ஏனென்றால் இது புத்தகத்துக்கு அப்பாலிருந்து ஆளின் மீது வருகிறது. நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் புத்தகத்துக்காக எழுதப்பட்ட இந்தக் கோட்டை மிளகாய்ச் செடிக்கும் தயங்காமல் போடலாம். சட்டம் இவ்வளவு கடுமையான சொல்லையே பொறுத்துக்கொள்ளும்போது, நம் குழுக்கள் ‘கருகும்’ என்ற ஒரு சொல்லைப் பொறுக்க முடியாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நேரமில்லை என்கிறீர்கள். அதற்கு, உறுப்பினர்களில் இருவரை உடன் நிர்வாகிகளாகச் சேர்த்துக்கொள்வதும், அவர்களில் ஒருவரேனும் உங்களோடு அடிக்கடி முரண்படுபவராக இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் நல்லது. சண்டை முற்றினால் நீக்குவதற்குப் பதிலாக, இரவு முழுவதும் நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி குழுவை மாற்றிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் பாதிச் சூடு ஆறியிருக்கும், எழுதியவையும் அப்படியே இருக்கும். கட்டாயம் நீக்கத்தான் வேண்டும் என்றால், எந்த விதியின்படி நீக்கினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். 2022 முதல் வாட்ஸ்அப்பில் நிர்வாகி பிறர் செய்தியையும் நீக்க முடிகிறது. நீக்கிய இடத்தில், இன்ன நிர்வாகி நீக்கினார் என்ற குறிப்பு மட்டும் நிற்கும். அந்தக் குறிப்பைப் பார்க்கும் மற்ற 898 பேரும், அங்கே என்ன எழுதியிருந்தது என்று அறியாமலேயே, இங்கே எதைச் சொல்லக்கூடாது என்று தாங்களாக ஒரு பட்டியல் போட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பட்டியல் உங்கள் விதிகளைவிட எப்போதும் நீளமானதாகத்தான் இருக்கும்.

குழுவில் யாரோ ஒருவர் மற்றொருவரைப் பற்றித் தவறாக எழுதினால் நிர்வாகி மீது வழக்கு வரும் என்று எங்கள் குழுவில் சொல்கிறார்கள். அதனால் எந்த விமர்சனத்தையும் விட்டுவைக்காமல் நீக்கிவிடுகிறோம். இது சரிதானே?
— வாசகர், மதுரை

அந்த அச்சத்தைப் பெருமளவு விட்டுவிடலாம். உறுப்பினர் எழுதியதற்காக, அதில் பங்கு எதுவும் இல்லாத வாட்ஸ்அப் நிர்வாகியைக் குற்றவாளியாக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021இல் கூறியது. அதே ஆண்டு டிசம்பரில் உங்கள் ஊரிலேயே, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஒருவர் நிர்வாகியாக மட்டுமே இருந்தார், வேறெதுவும் செய்யவில்லை என்றால் காவல்துறையின் இறுதி அறிக்கையிலிருந்து அவர் பெயரை நீக்க வேண்டும் என்றது. 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் இதே நிலைப்பாட்டை எடுத்தது. நிர்வாகியும் உடன் சேர்ந்து திட்டமிட்டிருந்தால் கதை வேறு. குழந்தைகளைப் பற்றிய ஆபாசம், மிரட்டல், வெறுப்பைத் தூண்டும் பேச்சு ஆகியவற்றைக் கண்டதும் நீக்குங்கள், அது சட்டத்துக்கு அஞ்சி மட்டும் செய்ய வேண்டிய வேலையும் அல்ல. ‘இந்த லென்ஸில் ஓரங்கள் மங்குகின்றன’ என்று எழுதியவரை நீக்குவதற்கு நீதிமன்றத்தைக் காரணம் காட்டாதீர்கள்.

ஒரு மீன் குழுவில், அதன் நிர்வாகியிடமே ‘டேங்க் கிளீனர்’ என்று சொல்லி இரண்டு அங்குலமுள்ள சக்கர் மீன் மூன்று வாங்கினேன். பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்றார். எட்டு மாதத்தில் ஒவ்வொன்றும் ஒரு சாண் அளவுக்கு வளர்ந்து, மற்ற மீன்களை நிம்மதியாக இருக்க விடுவதில்லை. இதைக் குழுவில் எழுதினேன். நீக்கிவிட்டு, ‘தனிப்பட்ட கொடுக்கல் வாங்கலைப் பொதுவில் பேசாதீர்கள்’ என்கிறார். மீன்களை ஏரியில் விட்டுவிடலாமா?
— வாசகர், சென்னை

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில்: தயவுசெய்து ஏரியில் விடாதீர்கள். அவை தென்னமெரிக்க நீர்நிலைகளைச் சேர்ந்த கெளுத்தி இனங்கள். அவற்றில் சில ஒன்றரை அடி வரை வளரும். இப்படித் தொட்டியில் அடங்காமல் வெளியே விடப்பட்ட மீன்கள் தமிழகத்தின் ஏரிகள் பலவற்றில் பெருகிவிட்டன. எலும்புத் தகடு போன்ற உடலும் முள்ளும் வலையைக் கிழிப்பதால், விற்கவும் உண்ணவும் உதவாத இந்த மீனை எடுத்து எறிவதே மீனவர்களுக்கு ஒரு வேலையாகிவிட்டது. பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள், அல்லது வாங்கியவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

இப்போது உங்கள் பின்னூட்டத்தைப் பற்றி. நிர்வாகியே விற்பனையாளராக இருக்கும் குழு, பொழுதுபோக்குக் குழுவின் தோற்றத்தில் இயங்கும் ஒரு கடை. கடை நடத்துவதில் குற்றமில்லை. கொளத்தூரில் தலைமுறையாக வண்ணமீன் வளர்க்கும் குடும்பங்களில், ‘இந்தத் தொட்டிக்கு இந்த மீன் வேண்டாம், இடம் போதாது’ என்று சொல்லி வியாபாரத்தையே விட்டுக்கொடுத்தவர்களிடம் நான் மீன் வாங்கியிருக்கிறேன். குற்றம் எங்கே வருகிறது என்றால், உறுப்பினர்கள் தங்களுக்குள் உண்மை பேசிக்கொள்வதாக நம்பி வரும் இடத்தில், தன் சரக்குக்குப் பாதகமான உண்மையை மட்டும் ஒருவர் எடுத்துவிடும்போதுதான். ‘தனிப்பட்ட கொடுக்கல் வாங்கல்’ என்கிறார். விற்பதற்கு அவர் பொதுவில்தானே விளம்பரம் செய்தார்? அந்த மீன் எவ்வளவு வளரும் என்பதை உங்கள் பின்னூட்டத்திலிருந்து நாற்பது பேர் அறிந்துகொண்டிருந்தால், நாற்பது வீடுகளில் எட்டு மாதம் கழித்து ‘ஏரியில் விடலாமா’ என்ற கேள்வி எழாமல் இருந்திருக்கும்.

இணையத்தில் வாடிக்கையாளர் மதிப்புரைகளை வெளியிடும் நிறுவனங்களுக்காக இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டது. நேர்மையும் வெளிப்படைத்தன்மையும் அதன் அடிப்படைகள். வெளியானபோது அது கட்டாயமாக்கப்படவில்லை, உங்கள் குழுவைப் போன்ற சிறிய இடங்களை எண்ணி எழுதப்பட்டதும் அல்ல. ஆனாலும் அந்த எதிர்பார்ப்பை நாம் வைத்துக்கொள்ளலாம். பணத்தைத் திரும்பப் பெற விரும்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசுங்கள். விளம்பரப் பதிவின் படத்தையும் பணம் அனுப்பிய விவரத்தையும் இன்றே சேமித்து வையுங்கள், ஏனென்றால் அந்தப் பதிவு நீக்கப்பட்டுவிட்டால் பிறகு கையில் கிடைக்காது.

கூட்டில் குஞ்சுகளுக்கு இரையூட்டும் தேன்சிட்டின் படத்தை எங்கள் புகைப்படக் குழுவின் மூத்தவர் ஒருவர் போட்டிருந்தார். கூட்டை மறைத்த கிளைகளை வெட்டியிருந்தது படத்திலேயே தெரிந்தது. அதைச் சுட்டிக்காட்டினேன். ‘பொறாமை’ என்று நீக்கிவிட்டார்கள். இப்படி இல்லாத குழுக்கள் எங்கேயாவது இருக்கின்றனவா?
— வாசகர், திருநெல்வேலி

கிளையை வெட்டினால் நிழல் போகும், மறைவும் போகும். நண்பகல் வெயில் கூட்டின் மீது நேராக விழும், காக்கைக்கும் வல்லூறுக்கும் வழி தெரிந்துவிடும். மனிதர் நடமாட்டம் மிகுந்தால் தாய்ப்பறவை கூட்டையே கைவிடுவதும் உண்டு. இதனால்தான் கூட்டுப் படங்களையே ஏற்பதில்லை என்று பல பறவைக் குழுக்கள் விதி வைத்திருக்கின்றன. அது கடுமையான விதிதான், ஆனால் முன்கூட்டியே எழுதப்பட்டது, மூத்தவருக்கும் புதியவருக்கும் ஒன்றாகவே பொருந்துவது. உங்கள் குழுவில் நடந்ததில் விதி எதுவும் இல்லை. ஆளின் மரியாதை மட்டுமே இருந்தது. பொறாமை என்ற சொல்லால், வெட்டப்பட்ட கிளை மறுபடி ஒட்டிக்கொள்ளப் போவதில்லை.

வேறு வழியில் அமைந்த இடங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் பெர்க்கிலியில் மாணவர்களின் முதுகலைத் திட்டமாக 2008இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில், நீங்கள் ஒரு பூச்சியின் படத்தைப் போட்டுப் பெயர் சொன்னால், உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் ‘இல்லை, இது வேறு’ என்று எழுதலாம். இனம் கண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் அந்தப் பதிவு ஆய்வுக்கு ஏற்ற தரத்தை எட்டுகிறது. அங்கே மறுப்பு இல்லாமல் வேலையே நடக்காது. பறவைப் பட்டியல்களைத் திரட்டும் ஈபேர்டில் அரிய பறவை ஒன்றைப் பதிந்தால், அந்தப் பகுதியின் தன்னார்வ மதிப்பாய்வாளர் உங்களுக்கு எழுதி விவரம் கேட்பார். உங்கள் சான்று போதவில்லை என்றால் அது பொதுத் தரவில் காட்டப்படாது, ஆனால் உங்கள் சொந்தப் பட்டியலில் அப்படியே இருக்கும். 2003 முதல் இயங்கும் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பேச்சுப் பக்கம் உண்டு. யார் எதை மாற்றினார், எப்போது மாற்றினார் என்ற வரலாறும் எவருக்கும் திறந்திருக்கும். அங்கும் சண்டைகள் நடக்கின்றன, சில நேரம் கசப்பாகவே நடக்கின்றன. ஆனால் சண்டை என்ன சொல்லிற்று என்பதைப் பின்னால் வருபவர் படித்துப் பார்க்க முடிகிறது.

நம் மரபிலும் இதற்கு ஓர் இடம் இருந்தது. ஒரு நூல் எழுதியவர் அதை அவையில் அரங்கேற்றும்போது, புலவர்கள் இடைமறித்துக் கேட்கும் ஐயங்களுக்கு விடை சொல்லித் தடைகளை விடுத்த பிறகே நூல் ஏற்கப்பட்டது. தடை எழுப்பியவரை அவையிலிருந்து வெளியேற்றி நடத்திய அரங்கேற்றத்தை யாரும் அரங்கேற்றம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஓவியம் பழகும் கல்லூரி மாணவி நான். ஒரு குழுவில் என் பாட்டியின் உருவத்தை வரைந்து போட்டேன். ஒருவர், கை முகத்தோடு ஒப்பிட மிகச் சிறியது, கழுத்து தோளில் சரியாகப் பொருந்தவில்லை என்று எட்டுக் குறைகளை வரிசையாக எழுதினார். அழுகை வந்துவிட்டது. அட்மினிடம் சொன்னேன், அவர் நீக்கிவிட்டார். சென்ற இதழைப் படித்த பிறகு, நான் தவறு செய்துவிட்டேனோ என்று உறுத்துகிறது.
— வாசகி, ஈரோடு

உறுத்த வேண்டாம். உங்கள் நிலை திருச்சி வாசகரின் குழுவில் நடந்ததைப் போன்றதல்ல. ஓவியத்தில் கை சிறியதாக இருந்தால் யாருக்கும் உயிர் போவதில்லை. பாட்டியின் மீதுள்ள அன்பால் வரைந்து, நாலு பேர் பார்க்கட்டும் என்று போட்டவரிடம், கேட்காமலே எட்டுக் குறைகளைக் கொட்டுவது பண்பான செயலும் அல்ல. பிற உயிருக்கோ பிறர் பணத்துக்கோ கேடு வரும் இடத்தில் கேட்காமலும் சொல்ல வேண்டும். ரசனையும் பயிற்சியும் சார்ந்த இடத்தில், வரைந்தவரின் விருப்பத்துக்கு முதல் மதிப்பு. சில ஓவியக் குழுக்களில், பதிவின் தலைப்பிலேயே ‘குறைகளைச் சொல்லுங்கள்’ என்றோ, ‘பகிர்வதற்கு மட்டும்’ என்றோ எழுதிவிடும் வழக்கம் இருக்கிறது. உங்கள் அட்மினிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். நீக்குகிற வேலை அவருக்குப் பாதி குறைந்துவிடும்.

ஆனாலும், அந்த எட்டில் எல்லாமே தவறாக இருக்க வாய்ப்பில்லை என்பது உங்களுக்கே தெரிந்திருப்பதால்தான் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். எழுதியவர் கடுமையாகச் சொல்லியிருக்கலாம், ஆனால் எட்டுக் குறைகளை எண்ணிச் சொல்பவர் படத்தை நின்று பார்த்திருக்கிறார்; ‘சூப்பர்’ என்று எழுதியவர்கள் அவ்வளவு நேரம் பார்த்திருப்பார்களா என்பது ஐயமே. அழுகை அடங்கியிருந்தால், அந்தப் பட்டியல் உங்கள் நினைவில் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதிவையுங்கள். எல்லாவற்றையும் இன்று பார்க்க வேண்டாம், முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உள்ளங்கையின் அடிப்பகுதியை முகவாயில் வைத்து, விரல்களை மேல்நோக்கி முகத்தின் மீது விரியுங்கள். நடுவிரலின் நுனி, நெற்றியில் முடி தொடங்கும் இடத்தை ஏறக்குறையத் தொடும். பிறகு பாட்டியின் படத்தை எடுத்து, அவர் கையை ஒரு நூலால் அளந்து, அதே நூலை முகத்தின் மீது வைத்துப் பாருங்கள்.